பொம்மை லாரிக்குப் புது முதுகெலும்பு

எரிபொருளில் ஓடிய ரேடியோ கன்ட்ரோல் லாரிகளை மின்சாரத்துக்கு மாற்றுகிறவர்களுக்கு மோட்டார் கிடைக்கிறது, பேட்டரி கிடைக்கிறது. இவற்றைச் சுமக்கும் சேஸிஸ் மட்டும் கடையில் கிடைப்பதில்லை. அதை அவர்களே வரைந்து, வெட்டி, துளையிட்டுக்கொள்கிறார்கள்.

நீளம் அரை மீட்டர். எடை சுமார் ஐந்து கிலோ. பெரிய தேங்காய் அளவுக்கு நான்கு சக்கரங்கள். கையில் ஒரு ரேடியோ கருவியோடு நிற்பவர் விரலை அழுத்தினால் அந்தக் குட்டி லாரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் அது சுமந்து வரும் இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டால் 700 ஜூலை நெருங்குகிறது. 140 கி.மீ. வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து ஒன்றின் ஆற்றல் 120 ஜூல் அளவில்தான். ஆறு வேகப்பந்துகள் ஒன்றாகச் சேர்ந்து காலில் மோதினால் எப்படி இருக்கும்? இதைப் பொம்மை என்று அழைப்பது பழக்க தோஷம்தான்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ட்ராக்ஸாஸ் நிறுவனம் 1999-ல் வெளியிட்ட டி-மேக்ஸ் இந்த வகை லாரிகளுக்கு ஒரு தொடக்கம். அதற்குள் இருந்தது சுமார் 2.5 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட நிஜ இன்ஜின். சில ஆண்டுகளுக்குள் கலிஃபோர்னியாவிலிருந்து ஹெச்.பி.ஐ. நிறுவனம் இன்னும் பெரிய இன்ஜினோடு சாவேஜ் என்ற லாரியைக் களத்தில் இறக்கியது. வாரக் கடைசிகளில் காலி மனைகளிலும் மண் மேடுகளிலும் இவற்றை ஓட்டித் தீர்த்தது ஒரு தலைமுறை. மகனுக்கு என்று சொல்லி வாங்கிவிட்டு அப்பாக்கள் ஓட்டிய கதை அங்கேயும் உண்டு.

இந்த இன்ஜின்களுக்குப் பெட்ரோல் ஆகாது. மெத்தனாலும் நைட்ரோமீதேனும் எண்ணெயும் கலந்த எரிபொருள்தான் உணவு. அந்த எண்ணெய் பல கலவைகளில் நம் ஆமணக்கு எண்ணெய். உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். ஆக, டெக்ஸாஸ் புழுதியில் புகை கக்கிக்கொண்டு ஓடிய லாரிக்குள் குஜராத் வயல் கொஞ்சம் இருந்திருக்கலாம். இன்ஜினில் தீப்பொறிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். அதை முதலில் சிறு பேட்டரியால் சூடேற்ற வேண்டும். அப்புறம் மெத்தனாலோடு சேர்ந்த வினையால் அது தானாகவே கனன்றுகொண்டிருக்கும்.

கேட்க அழகாக இருக்கிறது. பழகத்தான் கஷ்டம். காலையில் சரியாக ஓடிய இன்ஜின் வெயில் ஏறியதும் முரண்டு பிடிக்கும். காற்றின் சூடும் ஈரமும் மாறினால் எரிபொருள் கலவையைத் திருத்தும் ஊசித் திருகை மறுபடி திருப்ப வேண்டும். அரைத் திருப்பு கூடினால் புகை, குறைந்தால் இன்ஜின் காய்ந்து வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கொசு ஆயிரம் மடங்கு பெருத்துக் கத்துவது போன்ற சத்தம் வேறு. அக்கம்பக்கத்தார் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்?

மின்சார லாரிகள் அப்போதும் இருந்தன. ட்ராக்ஸாஸே டி-மேக்ஸுக்குத் தம்பியாக ஈ-மேக்ஸ் என்ற மின்சார லாரியை விற்றது. இரண்டு மோட்டார்கள், 7.2 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. ஆனால் அந்தக் காலத்து நிக்கல் பேட்டரி கனம் அதிகம், சக்தி குறைவு. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்கள் தேய்ந்தன, சூடாகின. இன்ஜின் வண்டிக்காரர்கள் மின்சார வண்டியைச் சற்று இளக்காரமாகப் பார்த்ததில் நியாயம் இருந்தது.

நிலைமையை மாற்றியவை பொம்மை உலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத கண்டுபிடிப்புகள். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோவிலும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவான நியோடைமியம் காந்தம் ஒன்று. 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி இன்னொன்று. (அதன் பின்னால் இருந்த ஆய்வுக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.) நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடக்கூடிய மலிவான டிரான்சிஸ்டர்கள் மூன்றாவது. மூன்றும் 2000-களில் பொழுதுபோக்குக் கடைகளின் அலமாரிக்கு வந்து சேர்ந்தன. கான்சாஸ் மாநிலத்தின் காஸில் கிரியேஷன்ஸ் போன்ற நிறுவனங்கள் பிரஷ் இல்லாத மோட்டார்களையும் அவற்றை ஆளும் கன்ட்ரோலர்களையும் விற்கத் தொடங்கின. 14.8 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கணம் 100 ஆம்பியர் இழுத்தால் அது 1,480 வாட், அதாவது இரண்டு குதிரைத் திறன். பல வீடுகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கே அவ்வளவு கிடையாது.

இன்ஜினைக் கழற்றி எறி, மோட்டாரை மாட்டு. வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். இன்ஜினைக் கழற்றியதும் கண்ணில் பட்டது ஓட்டைகள் நிறைந்த ஒரு தகடு.

சேஸிஸ் என்ற சொல்லுக்கு அடிச்சட்டகம் என்கின்றன அகராதிகள். லாரிப் பட்டறைகளில் அது 'சேஸ்'. தொழிற்சாலையிலிருந்து கூரையும் கதவும் இல்லாமல் வெளியே வரும் வெறும் சேஸை, கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் தலையில் துண்டுமாக ஒரு டிரைவர் எதிர்காற்றில் ஓட்டிச் செல்வதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். நாமக்கல்லிலோ கரூரிலோ அதற்குப் பாடி கட்டுவார்கள். சேஸ் கம்பெனியுடையது, பாடி உள்ளூர்ப் பட்டறையுடையது. இந்தக் குட்டி லாரிகளின் கதை நேர் தலைகீழ். பாடி, சக்கரம், டிஃபரன்ஷியல், ஷாக் அப்சார்பர் எல்லாம் கம்பெனியுடையது. சேஸிஸ் மட்டும் வீட்டுக் கொல்லைப் பட்டறையில் பிறக்கிறது.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1987-ல் க்ளாட் பஸ்டர் என்ற மின்சார லாரியை வெளியிட்டது. முன் அச்சில் ஒரு மோட்டார், பின் அச்சில் ஒரு மோட்டார், நான்கு சக்கரங்களுக்கும் ஸ்டியரிங். மோட்டார்கள் அச்சிலேயே உட்கார்ந்துவிட்டதால் சேஸிஸுக்குப் பேட்டரியையும் ரேடியோ சாமான்களையும் தாங்குவதைத் தவிர வேறு வேலையில்லை. இதைப் பார்த்த அமெரிக்கர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குத் தகடு வெட்டினார்கள். நீளமாக, குட்டையாக, இரட்டைத் தகடாக, குழாய்க் கூண்டாக எத்தனையோ வடிவங்கள். கம்பெனி சேஸிஸ் இல்லாத க்ளாட் பஸ்டர்களே பந்தயங்களில் சாதாரணக் காட்சியாகின. சொந்த சேஸிஸ் என்ற பழக்கத்துக்கு நாற்று விட்டது அந்த லாரிதான்.

டி-மேக்ஸும் சாவேஜும் அவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. அவற்றில் சக்தி நடுவில் பிறந்து, கியர்பாக்ஸ் வழியாக முன்னும் பின்னும் தண்டுகளில் ஓடுகிறது. எனவே சேஸிஸ் வெறும் தட்டு அல்ல. மோட்டார், கியர்பாக்ஸ், இரண்டு டிஃபரன்ஷியல்கள் ஆகியவற்றை ஒரே நேர்கோட்டில் பிடித்து வைத்திருக்கும் எலும்பு. டி-மேக்ஸின் எலும்பு படுக்கையான அலுமினியத் தகடு. சாவேஜுக்கு இரண்டு தகடுகள் நெட்டுக்குத்தாக நின்று, நடுவில் கியர்பாக்ஸைச் சாண்ட்விச் போலப் பிடித்திருக்கும். முன்னதில் பேட்டரியைப் படுக்க வைக்க இடம் தேட வேண்டும். பின்னதில் தகடுகளுக்கு வெளியே இரு பக்கமும் தொங்கவிட வேண்டும்.

வடிவமைப்பு கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை. தராசில் தொடங்குகிறது. கழற்றும் ஒவ்வொரு பொருளையும், இன்ஜின், புகைக்குழாய், எரிபொருள் தொட்டி, பிரேக் டிஸ்க், ஆக்ஸிலேட்டரை இழுக்கும் சர்வோ என்று எல்லாவற்றையும் எடை போட்டு எழுதிக்கொள்கிறார் விவரம் தெரிந்தவர். ஏற்றப் போகிற பொருள்களுக்கும் அதே. நான்கு செல், 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் அரைக் கிலோ அளவில் வரும். பெரிய மோட்டார் 300 கிராமைத் தாண்டும். சமையலறைத் தராசுகள் நான்கை இரவல் வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து லாரியை நிறுத்தினால் எந்த மூலை கனம், எந்த மூலை லேசு என்று பளிச்சென்று தெரிந்துவிடும். தராசுகளைத் திருப்பித் தரும்போது கிரீஸ் கறையைத் துடைத்துவிட வேண்டும் என்பது குடும்ப அமைதி சம்பந்தப்பட்ட விஷயம்.

இடவலச் சமநிலை காவடிக் கணக்கு. நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 60 மி.மீ. தள்ளி 450 கிராம் பேட்டரி இருந்தால், வலப்பக்கம் 300 கிராம் மோட்டார் 90 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். எடையையும் தூரத்தையும் பெருக்கினால் இரு பக்கமும் 27,000. இந்தக் கணக்கு பிசகினால் லாரி தாவும்போது காற்றிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து, தோளில் விழும்.

உயரம் இன்னும் முக்கியம். 5 கிலோ லாரியில் 900 கிராம் பேட்டரியை 4 செ.மீ. கீழே இறக்கினால் மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் 7 மி.மீ. இறங்குகிறது. ஏழு மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். வளைவில் கவிழும் லாரிக்கும் சறுக்கிக்கொண்டு திரும்பும் லாரிக்கும் வித்தியாசம் பல சமயம் அவ்வளவுதான். ஆனால் பேட்டரியை ஒரேயடியாக அடியில் தொங்கவிட்டால் கல் இடிக்கும். இடிபடுவது லித்தியம். அதைப் பற்றிப் பின்னால்.

முன்பின் சமநிலையில் மின்சாரம் தன் குணத்தைக் காட்டுகிறது. இன்ஜினுக்குக் குறைந்த சுழற்சியில் இழுவை கிடையாது. அது மெல்ல வேகமெடுத்து, கிளட்ச் விரிந்து பிடித்த பிறகே சக்கரம் உருளும். மோட்டாரோ பூஜ்யத்திலேயே முழு முறுக்கு விசையைத் தருகிறது. விரலைச் சட்டென்று அழுத்தினால் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில். எடை பின்னால் தள்ளியிருந்தால் லாரி மல்லாந்தே போகும். எனவே மோட்டாரையும் பேட்டரியையும் சற்று முன்னால் நகர்த்துகிறார்கள். சிலர் சேஸிஸையே இரண்டு, மூன்று செ.மீ. நீட்டிவிடுகிறார்கள். நீட்டினால் நேர்கோட்டில் நிதானம் கூடும், திருப்பம் மந்தமாகும், நீளமான டிரைவ் ஷாஃப்ட் தேட வேண்டும். எதற்கும் ஒரு விலை.

விந்தை என்னவென்றால் சுழற்சி வேகத்தில் இன்ஜினுக்கும் மோட்டாருக்கும் அதிக வித்தியாசமில்லை. இந்தச் சிறு இன்ஜின்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை அலறும். ஒரு வோல்ட்டுக்கு 2,200 சுற்று என்று முத்திரை குத்திய மோட்டாரை 14.8 வோல்ட்டில் ஓட்டினால் சுமையில்லாமல் 32,560 சுற்று. ஆக கம்பெனி கொடுத்த கியர் விகிதத்தை அதிகம் மாற்றாமலே ஓட்டலாம். 15 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 47 செ.மீ. நகரும். மோட்டார் 30,000 சுற்றில் ஓட, நடுவில் 16-க்கு 1 என்று கியர் குறைத்தால் மணிக்கு 53 கி.மீ. பினியனில் 16 பல்லுக்குப் பதில் 17 பல் வைத்தால் வேகம் 6 சதவீதம் கூடும். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தியோ 20 சதவீதம் கூடிவிடும். மோட்டாரைக் கருக்கியவர்களில் பலர் இந்த ஒற்றைப் பல்லுக்கு ஆசைப்பட்டவர்கள்தான்.

இந்தப் பல் கணக்குதான் மோட்டார் தாங்கியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பொதுவாக இந்த மோட்டார்களின் முகத்தில் 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு திருகுத் துளைகள் இருக்கும். தாங்கியில் அதற்கு வட்டத் துளை போட்டால் ஒரே ஒரு பினியன்தான் பொருந்தும். நீள்துளை போட வேண்டும். எவ்வளவு நீளம்? மாட்யூல் 1 வகைப் பல்சக்கரங்களில், இரண்டின் பற்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 50 பல் சக்கரத்தோடு 16 பல் பினியன் சேர்ந்தால் 33 மி.மீ. 22 பல் பினியன் என்றால் 36 மி.மீ. ஆக மூன்று மி.மீ. நகர இடம் வேண்டும். திருகை இறுக்குமுன் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து உருட்டுவார்கள். காகிதம் கிழியாமல் வரிவரியாக மடிந்து வெளியே வந்தால் பல்லிடைவெளி சரி. விலையுயர்ந்த கருவி எதுவும் இந்தக் காகிதத்தை இன்னும் வெல்லவில்லை.

மோட்டார் வடிவமைப்பாளருக்கு ஒரு சலுகையும் தருகிறது. அதன் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றி இணைத்தால் எதிர்த்திசையில் சுற்றும். எனவே இடப்பக்கம் இடமில்லையா, வலப்பக்கம் திருப்பி மாட்டு. பின்னால் போவதற்கு டி-மேக்ஸ் கியர்பாக்ஸுக்குள் தனி ரிவர்ஸ் கியரும் அதை மாற்ற ஒரு சர்வோவும் இருந்தன. மின்சாரத்தில் கன்ட்ரோலரே திசையை மாற்றிவிடுகிறது. ரிவர்ஸ் கியர் போச்சு, சர்வோ போச்சு, அந்த இடம் பேட்டரிக்கு மிச்சம்.

இனி உலோகம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: எந்த அலுமினியம்? 6061 ரகம் மலிவு, எங்கும் கிடைக்கும். 7075 விமான உதிரிப்பாகங்களுக்குப் பெயர் போனது, விலை கூடுதல். 7075 'விறைப்பானது' என்று சொல்லி விற்கிறார்கள். உண்மை சற்று வேறு. விறைப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அழுத்தினால் கிட்டத்தட்ட ஒரே அளவு வளையும். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். 6061 ஓரளவு தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும். 7075 அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை வரை தாங்கி, நிமிர்ந்துகொள்ளும். விறைப்பு வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டுவதே வழி. வளைவை எதிர்க்கும் வலு தடிமனின் முக்கனத்தில் ஏறுகிறது. 3 மி.மீ. தகட்டுக்குப் பதில் 4 மி.மீ. போட்டால் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். விறைப்போ 2.4 மடங்காகிறது. 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள தகட்டில் அந்தக் கூடுதல் எடை சுமார் 110 கிராம்.

கார்பன் ஃபைபர் மீது எல்லோருக்கும் ஒரு கண். அலுமினியத்தை விட நாற்பது சதவீதம் லேசு, பார்க்கவும் கம்பீரம். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும் என்பது பலருக்குப் புகை வந்த பிறகே தெரிகிறது. கூர்மையான விளிம்பில் கம்பி உரசி உரசி உறை தேய்ந்தால் நேராக ஷார்ட் சர்க்யூட். விளிம்பை உப்புத்தாளால் மழித்து, பசை பூசி மூட வேண்டும். வெட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் தொடவே கூடாது.

உறுதியில் ஒரு எல்லைக்கு மேல் போவது புத்திசாலித்தனமல்ல என்பது என் கட்சி. லாரி சுவரில் மோதினால் ஏதோ ஒன்று உடைந்தே தீரும். சேஸிஸ் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத இரும்பு மனுஷனாக இருந்தால் அடி முழுவதும் டிஃபரன்ஷியல் கூட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் போகிறது. நல்ல வடிவமைப்பில் முதலில் உடைவது பிளாஸ்டிக் கையாகத்தான் இருக்கும். அதன் விலை குறைவு, மாற்றுவது பத்து நிமிஷ வேலை. மோட்டாரின் திடீர் முறுக்கைச் சமாளிக்க ஸ்லிப்பர் கிளட்ச் என்ற வழுக்குத் தட்டையும் இதே காரணத்துக்காக விட்டுவைக்கிறார்கள். அதை இறுகப் பூட்டிவிட்டு, டிஃபரன்ஷியல் பல் உதிர்ந்தது என்று புலம்புவதில் பொருளில்லை.

முதல் மாதிரி அட்டைப்பெட்டியில்தான். பிஸ்கட் கார்ட்டனை வெட்டி, பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலரை அதன் மேல் அடுக்கிப் பார்த்து, ஸ்டியரிங் முழுக்கத் திரும்பும்போது எது எதை இடிக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் வரைபடம் அதற்குப் பிறகு. துளைகளின் இடத்தை ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு அளவிலும் நேரும் சிறு பிழை சேர்ந்து கடைசித் துளை ஒரு மி.மீ. தள்ளிப் போய்விடும். எல்லாத் துளைகளையும் ஒரே விளிம்பிலிருந்து அளப்பதே முறை. இதைவிடச் சுலபமான வழி பழைய சேஸிஸைப் புதுத் தகட்டின் மேல் வைத்து இறுக்கிக் கட்டி, ஒரு துளை போட்டு அதில் திருகை மாட்டி, அப்புறம் அடுத்தடுத்த துளைகளுக்குப் போவது. கம்பெனியின் துல்லியத்தை இலவசமாகக் கடன் வாங்கும் உத்தி இது. முன், பின் டிஃபரன்ஷியல்கள் ஒரு நூல் கோணலாக உட்கார்ந்தாலும் ஷாஃப்ட் இறுகும். கையால் உருட்டினாலே தெரிந்துவிடும்.

ரம்பமும் அரமும் துளையிடும் மெஷினும் போதும். நாள் முழுக்க அரம் போட மனமில்லாதவர்கள் வரைபடத்தைக் கொடுத்து லேசரிலோ நீர்த்தாரையிலோ வெட்டி வாங்குகிறார்கள். நீர்த்தாரையில் உலோகம் சூடாவதில்லை என்பதால் விளிம்பு அப்படியே இருக்கும். பீன்யாவிலும் அம்பத்தூரிலும் உள்ள பட்டறைகளுக்கு இது புதிய வேலை அல்ல. ஒரே ஒரு தகடு வேண்டும் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

பேட்டரித் தட்டில் சிக்கனம் கூடாது. லித்தியம் பாலிமர் செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். அதைத் தாண்டினால் ஆபத்து. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டாலும் கெட்டுப்போகும். மெல்லிய உறைக்குள் இருக்கும் செல்லை ஏதாவது குத்தினால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கிறது. தண்ணீர் ஊற்றி உடனே அடக்கிவிடக்கூடிய தீயல்ல அது. வீட்டுப் பட்டறையில் செய்த சேஸிஸில் மிக அபாயமான பொருள் எது தெரியுமா? அடியிலிருந்து வந்து தட்டுக்குள் இரண்டு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் திருகின் முனை. முதல் தாவலில் ஒன்றும் ஆகாது. நூறாவது தாவலில் அது உறையைக் கடித்துவிடும். திருகின் நீளத்தைக் குறை, முனையைத் தேய், மேலே ரப்பர் பஞ்சு ஒட்டு, பேட்டரியை இரண்டு பட்டைகளால் கட்டு. நிறுவனங்கள் விற்கும் லாரியில் இதையெல்லாம் யாரோ ஒருவர் சோதித்திருப்பார். இங்கே சோதிப்பவரும் சேஸிஸை வெட்டியவரே. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதில் விலக்கே கிடையாது.

கம்பிகளுக்கும் சேஸிஸ் வடிவம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே கம்பி நீளமானால் மின்னழுத்த அலைச்சல் கூடி, கன்ட்ரோலரின் மின்தேக்கிகள் வெந்துவிடும். மோட்டார் பக்கம் உள்ள கம்பி நீண்டால் அவ்வளவு பாதகமில்லை. எனவே கன்ட்ரோலர் பேட்டரிக்கு அருகில், காற்றுப் படும் இடத்தில் உட்கார வேண்டும்.

2000-களின் நடுவில் அமெரிக்காவில் இத்தகைய மாற்று சேஸிஸ்களைச் சிறிய அளவில் வெட்டி விற்றவர்கள் இருந்தார்கள். பத்து, இருபது என்று போடும் கொல்லைப்புறத் தொழில். அவர்களுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டது தோல்வியல்ல, வெற்றி. மாற்றப்பட்ட லாரிகள் ஓடுவதைப் பார்த்த பெரிய நிறுவனங்கள் அதையே தொழிற்சாலையில் செய்யத் தொடங்கின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹெச்.பி.ஐ. சாவேஜ் ஃப்ளக்ஸ் என்ற மின்சார லாரியை அறிமுகப்படுத்தியது. நிற்கும் இரட்டைத் தகடு, இரு பக்கமும் தொங்கும் பேட்டரிப் பெட்டிகள், மாற்றிக்கொண்டவர்கள் ஏற்கெனவே கண்டடைந்த அதே வடிவம். ட்ராக்ஸாஸ் பிரஷ் இல்லாத மோட்டாரோடு விற்ற ஈ-மேக்ஸ் மணிக்கு 100 கி.மீ. தாண்டும் என்று விளம்பரம் செய்தது. பெட்டியைப் பிரித்ததும் ஓடும் லாரி கிடைக்கும்போது யார் தகடு வெட்டுவார்கள்?

பழைய லாரி வைத்திருப்பவர்கள் வெட்டுவார்கள். பரணில் கிடக்கும் டி-மேக்ஸுக்கு உயிர் கொடுக்க வேண்டுமென்றால் இன்று அவரவரே வரைய வேண்டியதுதான். முப்பரிமாண அச்சு எந்திரம் வந்ததில் பேட்டரித் தட்டு, கன்ட்ரோலர் மேடை, மோட்டார் காற்றாடி போன்றவை சுலபமாகிவிட்டன. முழு சேஸிஸையும் பிளாஸ்டிக்கில் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் தாங்கியை மட்டுமாவது உலோகத்தில் செய்யுங்கள் என்பது நம் ஆலோசனை. சூட்டில் இளகும் பொருளைச் சூடாகும் பொருளுக்குத் தாங்கியாக வைப்பது வீண் வேலை.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைப்பவருக்குச் சோதனை பேட்டரியில் தொடங்குகிறது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணி விமானங்களில் சரக்காக ஏற்றக் கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016-ல் தடை விதித்தது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பது அதோடு சிக்கலாகிவிட்டது. டிரோன் கட்டுபவர்களுக்காக உள்ளூர்க் கடைகளில் வரும் பேட்டரிகளே கதி. அவை பெரும்பாலும் கெட்டியான உறை இல்லாதவை. எனவே தட்டை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

பெரிய வண்டிகளிலும் இதே கதைதான் நடக்கிறது. 2021-ல் டில்லி அரசு, பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றிக்கொண்டு ஓட்ட வழி திறந்தது. அதற்கான சாதனங்களை ஏ.ஐ.எஸ்.-123 என்ற இந்தியத் தர விதிப்படி சோதிக்க வேண்டும். எடை எங்கே ஏறுகிறது, பிரேக் தாங்குமா, மோதினால் பேட்டரிக்கு என்ன ஆகும் என்பவையே அங்கும் கேள்விகள். மோட்டாரின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யும் மாற்று நிறுவனங்கள், அது உட்கார்ந்திருக்கும் தாங்கியின் படத்தைக் காட்டுவதில்லை. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

புது சேஸிஸில் முதல் ஓட்டம் நீண்டதாக இருக்கக் கூடாது. இரண்டு நிமிஷம் மெதுவாக ஓட்டி நிறுத்தி, தள்ளியிருந்து சூடு அளக்கும் வெப்பமானியை மோட்டார் மீது காட்டுகிறார்கள். சாதாரண ரக நியோடைமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் காந்த சக்தியை இழக்கத் தொடங்கும். ஒருமுறை போனது ஆறிய பிறகும் முழுதாகத் திரும்புவதில்லை. சூடு ஏறியிருந்தால் பினியனில் ஒரு பல் குறைப்பு. திருகுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, மறுபடி ஓட்டம்.

கழற்றிய இன்ஜினை எறிய மனம் வராதவர்கள் உள்ளே நாலு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கிறார்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் விடாமல் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பேரிங்கில் துரு ஏறிவிடும்.